‘யாரு?’ என்று கேட்ட கை

தம்பி,

இந்தக் கடிதத்தை வேலை செய்யிற இடத்துல வச்சுப் பிரிச்சிடாதே. ரூமுக்குப் போ, குளி, சாப்பிடு, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்து படி. ‘பக்கத்து வீட்டு போன்ல சொல்ல வேண்டியதுதானே லா, எதுக்கு இத்தனை பக்கம்’னு நீ அலுத்துக்குவே, தெரியும். வாயால சொல்ல முடிஞ்சிருந்தா இருபத்துநாலு வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்க மாட்டேனா? வர்ற ஞாயித்துக்கிழமை கோலா பிலாவுல உனக்கும் கனகாவுக்கும் பரிசம் போடுறாங்க. கனகாவோட அப்பாவை வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்துல பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க, அங்கேயே செத்துட்டார்னு நீயே என்கிட்டே கண்ணு கலங்கச் சொன்னே. எவனோ ஒரு துரோகி தலையில சாக்கை மாட்டிக்கிட்டு உட்கார்ந்து அவரைக் காட்டிக் கொடுத்தான்னும் சொன்னே. நான் தலையைக் குனிஞ்சு வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். தம்பி, சாக்குப் போட்டிருந்த ஆள் தலையை ஆட்டினது நிஜம். ஆனா யாருக்கு ஆட்டணும்னு அந்த ஆளுக்குச் சொன்னது நான். உன்னைப் பெத்த நான்தான். இதைத் தெரிஞ்சுக்காம நீ அந்தப் பொண்ணு கையைப் பிடிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் கையைப் பார்த்துப் பயப்படுவே, ஞாபகம் இருக்கா? துணி துவைச்சுட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் விரலு அதுபாட்டுக்கு அசையும். எதிர்ல யாரும் இருக்க மாட்டாங்க. நீ ஓடிவந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு அமுக்கி, ‘யாருகூடம்மா பேசுறே, அங்க யாரும் இல்லேம்மா’னு அழுவே. நான் சிரிச்சு மழுப்பிடுவேன். உங்கப்பா மட்டும் சிரிக்க மாட்டார். ‘கையை அடக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளியே போயிடுவார். அன்னிக்கு நீ கேட்ட கேள்விக்குத்தான் இப்ப பதில் எழுதுறேன்.

நான் கோயமுத்தூர்ல பஞ்சாலைக்காரங்க தெருவுல பிறந்தவ. எங்க ஊரு விடியிறதும் அடையிறதும் மில்லுச் சங்கை வச்சுத்தான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேட்க மாட்டாங்க, ‘முதல் சங்கா, ரெண்டாஞ் சங்கா’ன்னுதான் கேட்பாங்க. பன்னெண்டு வயசுல என்னைச் சிட்டம் சுத்துற பகுதியில சேர்த்துவிட்டாங்க, நூலை மடி மடியாச் சுத்திக் கட்டுற வேலை. உள்ளே சத்தம்னா அப்படி ஒரு சத்தம். பக்கத்துல நிக்கிறவ காதுல வாயை வச்சுக் கத்தினாலும் கேட்காது. அதனால மில்லுல எல்லாரும் கையாலயும் உதட்டாலயும்தான் பேசுவோம். ரெண்டு ஆள்காட்டி விரலைச் சேர்த்துப் பிரிச்சா இழை அறுந்துபோச்சு. மீசையை நீவினா மேஸ்திரி வர்றான். தாலி தொங்குற இடத்தைத் தொட்டா புருஷன். உள்ளங்கையை மேல பார்த்துத் திருப்பினா ‘யாரு’ன்னு கேட்கிறது. வெளியே வந்தாத்தான் வேடிக்கை. பாதிப்பேருக்குக் காது மந்தம், பேசினா தெருவே கேட்கும். அதனால வீட்டுலயும் ரகசியம்னா கைதான்.

அந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கை கேட்டா கை பதில் சொல்லணும். பதில் வரலேன்னா அங்க ஏதோ ஆபத்து. எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது பக்கத்து மெஷின்ல ஒருத்தி, என் சிநேகிதிதான், ஒரு ரிப்பனுக்காக அவகிட்ட கோவிச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன். அவ பல்சக்கரத்துக்கிட்ட கையை விட்டுக்கிட்டே என்னைப் பார்த்து, ‘நின்னுடுச்சா’ன்னு கேட்டா. நிக்கலேன்னு எனக்குத் தெரியும். வீம்புக்குப் பதில் சொல்லலே. அவளுக்கு ரெண்டு விரல் போச்சு. அன்னியிலேருந்து யாரு கை என்னைக் கேட்டாலும் என் புத்திக்கு எட்டுறதுக்கு முன்னாடி என் கை பதில் சொல்லிடும். இதை நல்லா மனசுல வச்சுக்கோ, பின்னாடி இதுதான் வரப்போகுது.

சப்பான் சண்டை முடிஞ்சு உங்கப்பா பொண்ணு தேடி ஊருக்கு வந்தார், என்னைக் கட்டிக்கிட்டுக் கப்பலேறினார். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம். உங்கப்பா பால் மரம் வெட்டப் போவார். என்னை ஸ்டோர்ல போட்டாங்க, அதாவது பாலை உறைய வச்சு, எஞ்சின் ஓட்டுற உருளையில கொடுத்துத் தகடாக்கி, புகை வீட்டுல காயப்போடுற இடம். முத நாள் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு, நம்ம ஊருக்கே வந்துட்டமோன்னு. என்னைத் தவிர அங்க வேலை செஞ்ச பொம்பளைங்க ஆறு பேர். எல்லாருக்கும் மில்லுப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தேன். அம்மாடி, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டே அவர் தொப்பையைப் பத்திப் பேசிச் சிரிப்போம், மனுஷன் ஒண்ணும் புரியாம அவரும் சேர்ந்து சிரிப்பார்! ஆளுக்கு ஒரு பேர் வச்சோம், கையால கூப்பிடுற பேர். என்னை ‘மில்லுக்காரி’ன்னுவாங்க. உச்சந்தலையில ஒட்டியிருக்கிற பஞ்சைத் தட்டி விடுற மாதிரி காட்டினா அது நான். இடது காது மடலைக் கிள்ளினா அது ராமையா, எஞ்சின் ஓட்டுறவர், காதுல சிவப்புக் கல்லு கடுக்கன் போட்டிருப்பார். அவர் பொஞ்சாதி காமாட்சியும் அந்த ஆறு பேர்ல ஒருத்தி. ஆமாம்டா, உன் மாமியாராகப் போறவதான். எல்லாரையும்விடச் சீக்கிரமாக் கத்துக்கிட்டது பாக்கியம். அவ விரல் வேகத்துக்கு என் கண்ணே ஓடாது. அவளுக்குச் சுண்டுவிரல் நேரா நிக்காது, சின்னதுல ஒடிஞ்சு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும்.

அப்புறம் அவசரகாலம் வந்தது. நாங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டாங்க. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குச் சாப்பாடு போயிடக் கூடாதுன்னு, வீட்டுக்கு அரிசியே கொடுக்காம பொதுக் கொட்டகையில சோறாக்கித் தந்தாங்க. காலையில வேலைக்கு வெளியே போறப்ப கேட்டுல நிறுத்தி வாளி, தலைத்துணி, கொண்டை எல்லாத்தையும் தடவிப் பார்ப்பாங்க. பாக்கியத்தோட புருஷன் ஒருநாள் காட்டுக்குள்ளே போயிட்டான். ஒரு வாரம் கழிச்சு அவளும் போயிட்டா. சொல்லாமப் போயிட்டாளேன்னு எனக்கு ஆத்திரமா வந்தது. பத்து நாள் இருக்கும், உங்கப்பா வேலை முடிஞ்சு வந்து வெளிறிப்போன முகத்தோட என் முன்னாடி நின்னார். ‘கடைசி நிரையில, மரத்துக்குப் பின்னாலேருந்து ஒரு கை மட்டும் வந்துச்சு. ஆளைக் காணோம். இப்படிக் காட்டுச்சு’ன்னு அவருக்கு அர்த்தம் தெரியாமலே அதே மாதிரி செஞ்சு காட்டினார். வயித்துல கை, அப்புறம் ரெண்டு விரல் வாய்க்கிட்ட. சுண்டுவிரலை வெளிப்பக்கமா மடக்கிக்கூடக் காட்டினார். ‘அது பாக்கியம். பசிக்குதுங்கிறா’ன்னேன்.

கொள்கை கிள்கை எல்லாம் எங்களுக்குத் தெரியாது, தம்பி. பசின்னு கேட்டா, கொடுத்தோம். பொதுச் சோத்துல பாதியை நான் ஒளிச்சு எடுத்துப்போய், கம்பிக்கு உள்ளேயே இருந்த புகை வீட்டுல ரப்பர் தகட்டுக்கு மேல சாக்கை விரிச்சுக் காய வைப்பேன். காஞ்சதை உங்கப்பா காண்டா மூங்கில்ல, அதான் ரெண்டு பக்கமும் வாளி மாட்டித் தோள்ல போடுற கம்பு, அதோட கணுவைக் குடைஞ்சு உள்ளே கொட்டி, மரத்துல உறைஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை வச்சு அடைச்சுக்கிட்டுப் போவார். வாளியைத் தடவுறவன் கம்பைத் தட்டிப் பார்க்கலே. நாலு மாசம் அப்படிப் போச்சு. அப்புறம் ஒருநாள் பாக்கியத்தைச் சுட்டுட்டாங்கன்னு சேதி வந்தது. அடையாளம் காட்டச் சொல்லி ஒரு சாரோங் கைலியைக் கொண்டுவந்தாங்க. பிரிச்சதும் எங்க புகை வீட்டு வாசனை குப்புன்னு அடிச்சது. ‘அவளோடதுதான்’னு நான்தான் சொன்னேன். கருமாதிகூடச் செஞ்சோம், அவளுக்குப் பிடிச்ச நெத்திலிக் கருவாடு வச்சு.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு காலையில பெரட்டுக்கு, அதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சுக் கொடுக்கிறதுக்கு நிக்கிறப்ப, லோரி லோரியா வந்து எங்களைச் சுத்தி நின்னாங்க. பெரட்டுக் களத்துல அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லே. ஒரு குழந்தைகூட அழலே. நீ என் இடுப்புல இருந்தே, மூணு வயசு, நீகூட வாயைத் திறக்கலே. ஒரு மேசை, நாற்காலி. நாற்காலியில ஒரு ஆளை உட்கார வச்சிருந்தாங்க. தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் கோணிச்சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. மூச்சு விடவிட வாய் இருக்கிற இடத்துல சாக்கு உள்ளே போகும், வெளியே வரும், உள்ளே போகும், வெளியே வரும். ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியலே. எல்லாரும் வரிசையா அந்த மேசை முன்னாடி நடக்கணும். பொம்பளைங்க முதல்ல, அப்புறம் ஆம்பளைங்க. சாக்குக்குள்ள இருக்கிற தலை ஆடினா அந்த ஆள் காட்டுக்காரனுக்குச் சோறு கொடுத்தவன். அவ்வளவுதான், லோரியில ஏத்திடுவாங்க.

என் முறை வந்துச்சு. அதிகாரிங்க எல்லாரும் அந்தத் தலையையேதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் பயத்துல தலையை நிமிர்த்தவே இல்லே, அதனால மேசைக்கு அடியில மடியைப் பார்த்தேன். சாக்கு இடுப்போட நின்னுடுச்சு, கை ரெண்டும் மடியில இருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமா வளைஞ்சிருந்தது. ஐயோ தம்பி, நான் கருமாதி செஞ்சவளோட கை! அது மெதுவா எழுந்து அவ தொண்டைக்குக் கீழே போய் சாக்குமேல தொட்டுச்சு. தாலி தொங்குற இடம். உன் புருஷன். அப்புறம் விரலை இப்படியும் அப்படியுமா அசைச்சது, வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் உள்ளங்கை மேல பார்த்துத் திரும்பிச்சு. யாரு?

உன் புருஷனைக் காட்ட மாட்டேன். ஒரு ஆளை நான் காட்டியாகணும். யாருன்னு நீ சொல்லு. இதுதான் அவ கேட்டது. இன்னிக்கு யோசிச்சா எல்லாம் தெளிவா இருக்குது. அவ சாகலே, சுட்டுட்டாங்கன்னு சொன்னது பொய். பிடிபட்டு உயிருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தா, அந்த நிலைமையிலயும் எங்க சோத்துக்கு நன்றி காட்டினா. ஆனா அன்னிக்கு எனக்குச் செத்தவ வந்து கேட்கிறான்னுதான் தெரிஞ்சது. கேட்டா பதில் சொல்லணுமே. ஒரு எட்டு எடுத்து வைக்கிற நேரம்கூட இல்லே. இடுப்புல நீ. என் இடது கை தானா எழுந்து என் காது மடலைக் கிள்ளுச்சு. கிள்ளிட்டு நடந்துட்டேன்.

கை தானா செஞ்சதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் இத்தனை வருஷம் பார்த்தேன். அது முழு உண்மை இல்லே, உனக்கு முழுசாச் சொல்லிடுறேன். பதில் சொன்னது பழக்கம். ராமையா பேரைச் சொன்னது நான். எஞ்சின் வேலை உங்கப்பாவுக்குத்தான் வந்திருக்கணும், அது ராமையாவுக்குப் போயிடுச்சுன்னு எனக்குள்ள ஒரு புகைச்சல் இருந்துச்சு. யார்கிட்டேயும் சொன்னதில்லே, எனக்கே அது மறந்திருந்தது. கை மறக்கலே. அவளுக்கு ‘யாருமில்லே’ன்னு காட்டியிருக்கலாம். ஒண்ணும் காட்டாமப் போயிருக்கலாம். அந்த மில்லுச் சிநேகிதிக்கு வீம்புக்குப் பதில் சொல்லாம இருந்தேன், இங்க பதில் சொல்லக் கூடாத இடத்துல சொன்னேன். ரெண்டுலயும் நான் நல்லா இருக்கேன், அடுத்தவங்கதான் போனாங்க.

ஆம்பளைங்க வரிசை வந்தப்ப உங்கப்பா நடந்து போனார், தலை ஆடலே. ராமையா நடந்தார், தலை ஆடிச்சு. அந்த மனுஷன் சிரிச்சார். யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சு, பழக்கதோஷத்துல கடுக்கனைத் தடவிக்கிட்டே, ‘காமாட்சி, சாயங்காலம் வந்துடுறேன், எஞ்சினுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லு’ன்னார். அவ வயித்துல அப்ப கனகா. அப்புறம் கேம்ப், அப்புறம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல், அப்புறம் அவர் செத்துட்டார்னு ஒரு காய்தம், கூடவே அவரோட கடுக்கன், அவ்வளவுதான். பாக்கியத்தை அதுக்கப்புறம் யாரும் பார்க்கலே. மறுநாள் ஸ்டோர்ல எஞ்சின் ஓடிச்சு, வேற ஆள் ஓட்டினான். மிச்சமிருந்த பொம்பளைங்க நாங்க ஆறு பேரும் கையைப் பால் தொட்டிக்குள்ளேயே வச்சுக்கிட்டு நின்னோம். யாரும் யாரையும் ஒண்ணும் கேட்கலே. நான் சொல்லிக் கொடுத்த பேச்சு அந்த ஒரே நாள்ல செத்துப்போச்சு.

உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அவர் காண்டா மூங்கிலை எடுத்துப்போய் அடுப்புல வச்சார். ‘நான் போய் ஒத்துக்கிறேன்’னு ரெண்டு தடவை செருப்பைப் போட்டார். ரெண்டு தடவையும் உன்னைத் தூக்கி அவர் கையில கொடுத்து நான்தான் நிறுத்தினேன். நீ அவரைத் தெய்வமா நினைக்கிறே, நினைச்சுக்கோ, அவர் நல்லவர்தான். எஞ்சின் வேலையை அப்புறம் அவருக்கே கொடுத்தாங்க. வேண்டாம்னுட்டு இந்த மம்பா ஊருக்குக் குடி வந்தார். அதுக்குக் காரணம் இதுதான், நீ நினைச்ச மாதிரி உன் படிப்பு இல்லே.

இப்ப கனகாவுக்கு வர்றேன். நீ போட்டோவைக் காட்டி, ‘கோலா பிலாம்மா, அவங்கம்மா தோசை மாவு அரைச்சு பாசார்ல விக்கிறாங்க, பேரு காமாட்சி’ன்னப்பவே எனக்குப் பழைய ஸ்டோர்தான் கண்ணுல வந்தது. வேற காமாட்சியா இருக்கட்டும் முருகான்னு வேண்டிக்கிட்டுத்தான் பொண்ணு பார்க்க வந்தேன். அந்தப் பொண்ணு காப்பித் தட்டோட வந்து நின்னுச்சு. நீ ஏதோ கேட்டே, யோசிக்கிற மாதிரி இடது காது மடலைக் கிள்ளிக்கிட்டுச்சு. அப்பனைப் பார்க்காத பிள்ளை, தம்பி! அவரோட கடுக்கனைத்தான் தோடா மாத்திப் போட்டிருந்துச்சு. நான் பலகாரத் தட்டைக் கீழே போட்டது கைவலியால இல்லே.

காமாட்சி என்னைப் பார்த்ததும் ‘வாங்க சம்மந்தி’ன்னா, பழைய ‘அக்கா’ வரலே. அது போதும்னு நினைச்சேன், மறந்துட்டான்னு நினைச்சேன். நீங்க எல்லாரும் முன்னாடி சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தப்ப என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுப் போனா. மாவு அரைக்கிற மெஷினைப் போட்டுவிட்டா. அந்தச் சத்தம் இருக்கே, ஸ்டோர் எஞ்சின் தோத்துடும். எதிர்ல நின்னு என் முகத்தையே பார்த்தா. பட்டப்பகல், வெளியே கோழி மேயுது. அவ கை மேல போச்சு. காது மடலைக் கிள்ளினா. ரெண்டு விரலால கண்ணைத் தொட்டா. பார்த்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சது, அன்னிக்கு வரிசையில எனக்கு அடுத்து நின்னது அவ. இருபத்துநாலு வருஷமாத் தெரிஞ்சு வச்சிருக்கா. அப்புறம் இடுப்பு உசரத்துல கையை வச்சுக் காட்டினா, பிள்ளை, அதாவது நீ. உள்ளங்கையைத் திருப்பினா. யாரு? யாருன்னு உன் பிள்ளைக்குத் தெரியுமா?

என் வாழ்க்கையிலேயே ரெண்டாவது தடவையா ஒரு கைக்கு நான் பதில் சொல்லாம நின்னேன். அவ மெஷினை நிறுத்திட்டு, ‘சம்மந்தி, காப்பி ஆறுது, வாங்க’ன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னா. முன்னாடி வந்து சம்மதம்னு வெத்திலையும் எடுத்துக் கொடுத்தா. தெரிஞ்சேதான் பொண்ணைத் தர்றா. என்னை மன்னிச்சா தர்றா, இல்லே சாகுற வரைக்கும் அந்த முகத்தை என் வீட்டுலேயே நான் பார்க்கணும்னு தர்றாளான்னு எனக்குத் தெரியலே. ரெண்டுக்கும் நான் ஆளுதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குது? இருந்தாலும் அம்மா, சொல்லாம விட மாட்டேன். கட்டிக்கிட்டவ ஒண்ணு கேட்டா, கோவத்துல வாயை மூடிக்கிட்டு இருக்காதே. பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லியும் தப்பிக்காதே. இந்தக் கடிதத்தைக் கனகாகிட்டக் கொடு. கட்டாயம் கொடுக்கணும், அவ அப்பனோட கதை அவளுக்குச் சொந்தம். அதுக்கப்புறமும் அவ சரின்னா, நீ சரின்னா, ஞாயித்துக்கிழமை போவோம். வேண்டாம்னா நீ இங்க வர வேண்டாம், ஒரு வரி எழுதிப் போடு, நான் மட்டும் பஸ் ஏறிப் போறேன். எப்படியும் நான் போகத்தான் போறேன்.

ஏன்னா காமாட்சி வாசல்ல நிப்பா. மெஷினைப் போட மாட்டா, இப்ப அவளுக்கு அது தேவையில்லே. எல்லார் முன்னாடியும் உள்ளங்கையைத் திருப்பி, ‘யாரு?’ன்னு கேட்பா. அன்னிக்குப் பெரட்டுக் களத்துல என்ன பதில் சொல்லியிருக்கணும்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தம்பி. சோத்தைக் காய வச்சது யாரு? இந்தத் தடவை என் கை காதுக்குப் போகாது. உச்சந்தலைக்குப் போகும். அங்க இல்லாத பஞ்சைத் தட்டி விடுவேன்.

உன்
அம்மா